நடுக் கீலுக்கு வளைவு வேண்டாம்
பாய்ப்படகின் அடியில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மீன் துடுப்பு போன்ற பகுதிதான் கீல். விமான இறக்கை போல ஒரு பக்கம் கூடுதலாக வளைந்த கீல் வைத்தால் படகு பக்கவாட்டில் நழுவாது என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. விமானத்துக்கு மேல்பக்கம் என்றும் மேல்பக்கம்தான், படகுக்கோ இப்போது இடப்பக்கக் காற்று, திரும்பினால் வலப்பக்கக் காற்று, அப்போது அதே வளைவு படகைத் தப்பான திசைக்கு இழுக்கும். அதனால்தான் நடுவில் ஒற்றைக் கீல் என்றால் நாக்கா 0012 என்ற இறக்கை வடிவம் போல இருபுறமும் ஒத்த வடிவம்.

வளைவு வேண்டுமென்றால் நெதர்லாந்தின் பழைய தட்டையடிப் படகுகளைப் பாருங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு பலகை தொங்கும், காற்று போகும் பக்கத்துப் பலகையை மட்டும் இறக்குவார்கள், அதன் புடைப்பு படகைப் பார்த்த உள்பக்கம் இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரட்டைக் கீல் உள்ள படகில் இது அவ்வளவு எளிதல்ல, இரண்டும் நீரிலேயே கிடப்பதால் ஒன்றையொன்று ஓரளவு எதிர்த்து இழுக்கும்.

1967 அமெரிக்கா கோப்பை பாய்ப்படகுப் போட்டியில் வென்ற இன்ட்ரெபிட் படகின் கீலில் பின்விளிம்பு மட்டும் மடல் போலத் திரும்பும், வளைவைத் தேவைப்பட்ட பக்கம் வைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

அப்புறம், சொந்தமாகப் பலகை செதுக்குபவர்கள் அட்டையில் வடிவம் வெட்டி முன்விளிம்பில் இருபுறமும் வைத்துப் பாருங்கள். நான் பார்க்காமல் விட்டேன், ஒரு பக்கம் உப்பிப்போய் மறுபடி இழைக்க வேண்டியதாயிற்று.