மாணவர்கள் வரைவதற்கு முன் அளக்கட்டும்

கட்டடக்கலையும் நகரத் திட்டமிடலும் படிக்கிற மாணவர்கள் எளிய மக்களின் குடியிருப்புகளுக்குப் போய் வேலை செய்வது மிக நல்ல காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பல இடங்களில் முதல் வாரமே முப்பரிமாணப் படம் தயாராகிவிடுகிறது. அதைப் பார்க்கும் குடும்பம், இனி இப்படியொரு வீடு கிடைக்கும் என்று நம்பிவிடும். பணம், நில உரிமை, அனுமதி மூன்றும் உறுதியாகாமல் அந்த நம்பிக்கையைக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது.

முதலில் அளக்க வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள். அவற்றை விட்டுவிட்டால் கோணலான அறை வரைபடத்தில் நேராகிவிடும். பிறகு கூரைச் சட்டமும் பொருந்தாது, அலமாரியும் பொருந்தாது. தரைமட்டம் பார்க்க டியூப் லெவல், அதாவது நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய், போதும். வேலை தொடங்குமுன் குழாயின் இரு முனைகளையும் அருகருகே பிடித்துப் பாருங்கள். நீர்மட்டம் ஒன்றாக இல்லையென்றால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது. அதை வெளியேற்றாமல் மட்டம் குறித்தால் வடிகால் வீட்டுப் பக்கமாகச் சரிந்துவிடலாம்.

சுவரில் விரிசல் இருந்தால் அதன் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பட்டை ஒன்று வையுங்கள். சில வாரங்களில் பட்டை வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அதற்கு மேல் தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும். மாணவர் கையெழுத்தில் எந்தச் சுவரும் இடிபடக் கூடாது, எந்த மாடியும் எழும்பக் கூடாது.

சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம் அடிக்கடி தவறாகிற இன்னொரு விஷயம். 1:12 சரிவு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், என்றால் 45 செ.மீ உயர வாசலுக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அதோடு மேல்முனையிலும் கீழ்முனையிலும் சக்கர நாற்காலி திரும்ப இடமும் வேண்டும். வாசலுக்கு முன்னால் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டு மீட்டரில் வரைந்து கொடுத்தால், அதில் யாராலும் தனியாக ஏற முடியாது.

மழைநீர்த் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் ஆசையோடு செய்வதும் சீக்கிரம் கைவிடப்படுவதும் இதுதான். 50 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ மழை பெய்தால் 50 லிட்டர்; இழப்புப் போகச் சுமார் 40 லிட்டர் தொட்டிக்கு வரும். கூரையைக் கழுவி வரும் முதல் நீரைத் தனிக் குழாயில் ஒதுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு அரை லிட்டர் என்றாலும் 25 லிட்டர். அந்தக் குழாயின் அடியில் நீர் சொட்டி வடிய ஒரு சிறு துளை இருக்கும். இலைத்தூள் அதை அடைத்துவிட்டால் குழாய் நிரம்பியபடியே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும். பிறகு நாற்றம் அடிக்கிறது என்று தொட்டியையே மூடிவிடுவார்கள். அந்தத் தனிக் குழாயைத் திறந்து கழுவ ஒரு மூடி, அது கைக்கு எட்டும் உயரத்தில், அவ்வளவுதான் தீர்வு. தொட்டி நிரம்பினால் நீர் வெளியேறும் குழாய், உள்ளே நீர் வரும் குழாயைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது.

மண் சுவர் வீட்டில் சிமெண்ட் பூச்சைப் பரிந்துரைக்காதீர்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள் இளகும், பூச்சு பாளமாகப் பெயரும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அந்த ஊர்க் கொத்தனாருக்கு இது பெரும்பாலும் தெரிந்திருக்கும். அவரை முதல் நாளே கூட்டத்தில் உட்காரவையுங்கள்.

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை மாணவர்களே வடிவமைத்துக் கட்டும் ரூரல் ஸ்டுடியோ என்ற பயிற்சித் திட்டம் 1993 முதல் அலபாமாவின் கிராமப்புறப் பகுதி ஒன்றிலேயே தங்கி வேலை செய்கிறது. 20,000 டாலருக்குள் ஒரு சிறு வீடு என்ற இலக்கோடு 2005இல் அங்கே தொடங்கிய திட்டத்தில், முந்தைய அணி கட்டிய வீட்டிலிருந்து அடுத்த அணி கற்றுக்கொள்கிறது. நான் மதிப்பது அந்தத் தொடர்ச்சியைத்தான். ஒரு பருவத்துக்கு ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே இருந்தால், எது ஒழுகியது, எது விரிசல் விட்டது என்று யாருக்குமே தெரியாது.

ஆகவே ஒப்படைக்கும்போது அழகான அறிக்கை போதாது. எந்தக் குழாயை எப்போது கழுவுவது, எந்தத் திருகாணி எந்த அளவு, பழுதானால் யாரை அழைப்பது என்று ஒரே தாளில் அவர்கள் மொழியில் எழுதி, குடியிருப்பவரையே ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு அடுத்த அணி அதே வீட்டுக்குப் போய்க் குறிப்பெடுக்கட்டும். அந்த வருகைக்கும் மதிப்பெண் உண்டு என்று பாடத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் தேர்வு நெருக்கடியில் யாரும் போகமாட்டார்கள்.