பாட்டிக்கு ஒரு நல்ல படம்: கேனான் 50 மிமீ எஃப்/1.8 லென்ஸ் பற்றி

கேனான் ஆர்எஃப் 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம். (எஃப் எண் லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்வது. எண் சிறுத்தால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்.) வாங்கிச் சில வாரம்தான் ஆகிறது. அதனால் இதை முழு விமர்சனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முதல் அபிப்பிராயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் ஒன்றை இப்போதே உறுதியாகச் சொல்வேன். நம்ம மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களில், வீட்டில் வயசானவர்கள் இருந்து, கையில் லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவும் இருந்தால், அடுத்த காசை இந்த மாதிரி ஒரு லென்ஸில் போடுங்கள். புதுக் கேமரா வேண்டாம், டிரோன் வேண்டாம், பெரிய ஃபிளாஷும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போனால் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைப் பாருங்கள். எத்தனை வீட்டில் அது ஐசி படம், அடையாள அட்டைக்கு எடுத்தது! விரல் நக அளவுப் படத்தைப் பெரிதாக்கி, சட்டையைக் கணினியில் மாற்றி, பின்னால் நீல நிறம் பூசி வைத்திருப்பார்கள். நாற்பது வருசம் பால் மரம் (ரப்பர் மரம்) சீவிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு மனுசிக்கு, அவர் முகத்தை யாராவது நிதானமாகப் பார்த்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லாமல் போகிறது. கல்யாணப் படங்களில் கூட்டத்தின் ஓரத்தில் நிற்பார். அதையும் ஃபிளாஷ் வெளிச்சம் வெளுக்க வைத்திருக்கும்.

இனி லென்ஸுக்கு வருகிறேன். எடை 160 கிராம். முன்னால் 43 மிமீ ஃபில்டர் போடலாம். 2020 கடைசியில் அறிவித்தார்கள். உடம்பு பிளாஸ்டிக், கேமராவில் மாட்டும் இடம் உலோகம். ஆயிரம் வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது. இதே குடும்பத்தில் எஃப்/1.2 திறப்புள்ள 50 மிமீ எல் வரிசை லென்ஸ் 950 கிராம், விலை ஏறக்குறைய பத்து மடங்கு. அது அருமையான லென்ஸ்தான். ஆனால் அது தரும் வெளிச்சம் இதைவிட இரண்டேகால் மடங்குதான் அதிகம்.

என்னிடம் இருப்பது கேனான் ஆர்50 கேமரா. அதன் சென்சார் (படம் பதியும் சில்லு) சின்னது என்பதால் 50 மிமீ லென்ஸ், பெரிய சென்சாரில் 80 மிமீ காட்டும் பார்வையைத் தருகிறது. முகத்துக்கு இது நல்ல அளவு. ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுக்கலாம். கைப்பேசியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது உள்ளே போய்விடுவதற்குக் காரணம், கேமரா நிற்கும் அந்தக் கிட்டத்துத் தூரம். தள்ளி நின்றால் முகம் முகமாக இருக்கும்.

சிரமம் ஒன்று உண்டு. லயத்து வீட்டு (தோட்டத்தின் வரிசை வீட்டு) முன்னறையில் தள்ளி நிற்க இடம் கிடையாது. முதுகு சுவரில் இடிக்கும். நான் கண்ட வழி, பாட்டியை அஞ்சடியில் (வீட்டு முன் தாழ்வாரத்தில்) நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு நான் வாசலில் இறங்கி நிற்பது. உள்ளே எடுப்பதைவிட அங்கே வெளிச்சமும் நன்றாக இருக்கிறது. தகரக் கூரை நேர் வெயிலை மறைத்துவிடும், முற்றத்திலிருந்து மெதுவான வெளிச்சம் ஒரு பக்கமாக முகத்தில் விழும். சாயங்காலம் மழை வருவதற்கு முன்னால் வானம் மூடிக்கொண்டிருக்குமே, அந்த நேரம்தான் இந்த லென்ஸுக்குப் பொன்னான நேரம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. கேமராவோடு வரும் 18-45 மிமீ லென்ஸ், முகம் எடுக்கும் 45 மிமீ முனையில் எஃப்/6.3 வரைதான் திறக்கும். இது எஃப்/1.8 வரை திறக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பன்னிரண்டு மடங்கு வெளிச்சம். ஒரே ஒரு டியூப் லைட் எரியும் அறையில் பழைய லென்ஸுக்கு ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) 12,800 தேவைப்பட்டால், இதற்கு ஏறக்குறைய 1,000 போதும். ஐஎஸ்ஓ ஏற ஏறப் படத்தில் புள்ளி புள்ளியாகக் குப்பை விழும். அதைக் கேமரா வழித்துத் துடைக்கும்போது முகத்துச் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். எழுபது வயது முகம் மெழுகுப் பொம்மை மாதிரி வருவது இதனால்தான். நிறையப் பேர் கேமராவைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் குறை கேமராவுடையது அல்ல, வெளிச்சத்தினுடையது.

பழைய லென்ஸில் கையாட்டத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே, ஷட்டரை மெதுவாக்கி எடுக்கலாமே என்று கேட்பீர்கள். அது தடுப்பது என் கையாட்டத்தை மட்டும். பேசிக்கொண்டே இருக்கும் பாட்டியின் தலை அசைவை அது நிறுத்தாது. அதற்கு ஷட்டர் 1/125 நொடியாவது வேண்டும். இந்த லென்ஸிலும் ஆர்50 உடம்பிலும் அந்த வசதி கிடையாது, ஆனால் வெளிச்சம் இருப்பதால் முகம் எடுக்க அது இல்லாத குறை தெரியவில்லை.

அதிகத் திறப்புள்ள லென்ஸ் என்றாலே பின்னணி மங்குவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அந்த லென்ஸ் பிறந்த கதையே வேறு. 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர் முகம் எடுக்கவென்றே ஒரு லென்ஸை வடிவமைத்தார். அதற்கு முன்னால் இருந்தவை எஃப்/15, எஃப்/16 அளவில் இருந்தன. வெயிலிலும் நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். பெட்ஸ்வாலின் லென்ஸ் எஃப்/3.6 அளவுக்குத் திறந்தது, உட்காரும் நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது. மனுசனைக் கஷ்டப்படுத்தாமல் அவன் முகத்தை எடுக்க வேண்டும் என்பதற்காக வந்தது இந்த வெளிச்சம். பின்னணி மங்கியது கூடவே வந்த விளைவு.

அதனால் நான் எல்லாப் படத்தையும் எஃப்/1.8இல் எடுப்பதில்லை. என் கேமராவில் ஒரு மீட்டர் தூரத்தில் இந்தத் திறப்பில் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. கண் தெளிவாக இருக்கும், காது கரைந்துவிடும், தோடு கரைந்துவிடும். அந்தத் தோட்டை அவர் எப்படிச் சேர்த்து வாங்கினார் என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் அதைக் கரைக்க மனசு வராது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எஃப்/2.8 வைத்தால் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் கிடைக்கிறது. மூக்குத்தியிலிருந்து காது வரை கிட்டத்தட்ட அடங்கிவிடும். பின்னால் பலகைச் சுவரும், சாமி படமும், கொடியில் தொங்கும் சேலையும் அடையாளம் தெரிகிற அளவில் மங்கி நிற்கும். எனக்கு அதுதான் வேண்டும். லயத்தை முழுசாக அழித்துவிட்டுப் பாட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் அவர் எந்த ஊர்க்காரர் என்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது.

எஃப்/1.8ஐ நான் வைத்திருப்பது இருட்டுக்கு. கோயிலில் தீபாராதனை நேரத்தில், விளக்கு வெளிச்சம் மட்டும் முகத்தில் படும்போது அதைத் திறந்தே ஆகவேண்டும். போன வெள்ளிக்கிழமை ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன். பூசாரி ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சாமி கும்பிடுகிற யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அந்த இருட்டிலும் பெரும்பாலும் சரியாகப் பிடித்தது.

அடுத்தது எனக்கு மிக முக்கியமான விசயம். நம் தோல் நிறம்.

கலர் ஃபிலிம் காலத்தில் படம் கழுவும் லேப்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று இயந்திரத்தைத் திருத்துவார்கள். கருத்த தோல் எப்படி வருகிறது என்று நெடுங்காலம் யாரும் அக்கறை காட்டவில்லை. பழுப்பு நிறங்கள் சரியாக வருவதில்லை என்று சாக்லேட் கம்பெனிகளும் மரத் தளவாடக் கம்பெனிகளும் புகார் சொன்ன பிறகுதான் அது கவனத்துக்கு வந்தது என்று படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. மேசை நாற்காலிக்குக் கிடைத்த மரியாதை மனுச முகத்துக்குக் கிடைக்கவில்லை.

இன்றைக்குக் கேமரா எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் அதற்குள் இருக்கும் ஒளி அளவுமானி, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டுதான் பொதுவாகக் கணக்குப் போடுகிறது. படம் முழுக்கக் கருத்த முகம் நிறைந்திருந்தால் வெளிச்சத்தைக் கூட்டி வெளுக்கப் பார்க்கும். நான் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப்போ மூன்றில் இரண்டு ஸ்டாப்போ குறைத்து வைக்கிறேன் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). முகம் அதன் நிறத்தில் நிற்கிறது, நெற்றியில் விழும் பளபளப்பும் வெளுத்துப் போகாமல் இருக்கிறது. பாட்டிக்குப் பின்னால் வெயில் அடிக்கும் வாசல் இருந்தால் கதை தலைகீழ். கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும், அப்போது கூட்ட வேண்டும். கேனானில் ஆட்டோ வொயிட் பேலன்ஸ் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று அந்த இடத்துச் சூழல் நிறத்தை வைத்துக்கொள்ளும், இன்னொன்று வெள்ளையை வெள்ளையாக்கப் பார்க்கும். விளக்கு வெளிச்சத்துக்கு முதலாவதை வையுங்கள். குத்துவிளக்கின் மஞ்சளை எடுத்துவிட்டால் அந்த முகத்தில் என்ன இருக்கிறது?

தயவு செய்து தோலை வெளுக்காதீர்கள். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களைப் பார்த்து நான் வருத்தப்படாத நாள் இல்லை. மணப்பெண் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். பெண்ணின் அம்மா நெற்றியில் ஒரு கோடு கிடையாது. விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கு கட்டிக்கொண்டு பால் மர நிரைக்குப் போய், காண்டாவில் (தோள் கம்பில்) பால் வாளி தூக்கிய தோளும், வெயிலேறிய பிறகு உரமிட்ட கையும் அந்த நிறத்தில்தான் இருக்கும். அதை மென்பொருளில் இழைத்துத் தள்ளுவது அழகுபடுத்துவது ஆகாது.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஒரு பாட்டியைக் கேட்டேன். முன்பு பால் மரம் சீவியவர். "என்னாத்துக்குய்யா இந்தக் கிழவியப் படம் புடிக்கிற, புள்ளைங்களப் புடி" என்றார். "இல்ல பாட்டி, உங்களத்தான்" என்றேன். "அப்ப இரு, பொடவ மாத்திட்டு வந்துர்றேன்" என்று உள்ளே போனவர், தலை வாரி, திருநீறு பூசி, கனகாம்பர நிறச் சேலையில் வந்து உட்கார்ந்தார். கேமரா சின்னது, லென்ஸும் சின்னது என்பதால் அவருக்கு மிரட்சி வரவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். பால் மரங்களை அடியோடு சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட வருசத்தைப் பற்றி, தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளைப் பற்றி. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். படத்தைக் கேமரா திரையில் காட்டியபோது வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா மாதிரியே இருக்கேன்" என்றார். அவருடைய அம்மாவுக்குப் படமே கிடையாதாம்.

லென்ஸில் குறைகள் இருக்கின்றன. எஃப்/1.8இல் நரைமுடி ஓரத்திலும் மூக்குத்தி மினுக்கிலும் ஊதாவும் பச்சையுமாக நிறக்கசிவு தெரிகிறது, எஃப்/2.8க்குப் போனால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஃபோகஸ் ஆகும்போது முன்பகுதி வெளியே நீளும், மோட்டார் சத்தம் லேசாகக் கேட்கும், அமைதியான இடத்தில் வீடியோ எடுப்பவர்களுக்கு அது தொந்தரவு. வெயில் மறைப்பான் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். வளையம் ஒன்றுதான், அதையே ஃபோகஸுக்கும் மற்றக் கட்டுப்பாட்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். உச்சி வெயிலில் முழுசாகத் திறந்தால் ஐஎஸ்ஓ 100லும் ஷட்டர் ஏறக்குறைய 1/8000 கேட்கும். ஆர்50இல் அதற்கு எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற வேண்டும். நிழலுக்குப் போய்விடுவது இன்னும் சுலபம். டியூப் லைட்டில் கோடு கோடாக விழுந்தால் ஷட்டரை 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு நூறு முறை மினுக்கும், 1/100 அதோடு ஒத்துப்போகும்.

பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் 2015இல் வந்த இஎஃப் 50 மிமீ எஃப்/1.8 எஸ்டிஎம் பழையதாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அதுவும் 160 கிராம்தான், வேலையும் ஏறக்குறைய இதேதான். ஃபுஜி, நிக்கான் இசட் சின்ன சென்சார்க்காரர்களுக்கு வில்ட்ராக்ஸ் 56 மிமீ எஃப்/1.7 இருக்கிறது, அதுவும் இந்த விலை வட்டத்தில் வருவதுதான்.

தோட்டத்தில் இப்போது வேலை செய்பவர்கள் பெரும்பாலும் வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் முகத்தையும் யாராவது அக்கறையாக எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் பால் மரக் காலத்து நம்ம ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும்போது எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கு வீட்டில் சமையலும் கூட்டமும், பாட்டி அடுப்படியை விட்டு வரமாட்டார். ஒரு சாதாரணப் புதன்கிழமை, அவர் பசியாறி முடித்து அஞ்சடியில் உட்காரும் நேரத்தில் போங்கள்.

எடுத்ததை அச்சடித்துக் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கி, பத்து நாளில் எங்கோ புதைந்துவிடும். இந்தக் கேமராவின் படம் மூன்றுக்கு இரண்டு என்ற அளவு, அதனால் 8க்கு 12 அங்குலத் தாளில் எதுவும் வெட்டுப்படாமல் உட்காரும். கடையில் 8க்கு 10 சட்டம்தான் இருக்கிறது என்றால் எடுக்கும்போதே தலைக்கு மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டுவிடுங்கள். கடைக்காரரிடம் நிறத்தைத் தொட வேண்டாம், வெளுக்க வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர்களாகவே ஏற்றிவிடுவார்கள்.

ஆர்எஃப் மௌண்ட் கேமரா வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரர்கள் யாராவது வாங்குவதற்கு முன்னால் மாட்டிப் பார்க்க நினைத்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பேன், கொண்டுபோய் உங்கள் பாட்டியை எடுத்துவிட்டுச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் போதும்.