ரோஜாப்பூ பார்டர் போட்ட ரெஸ்யூம்

(காலேஜ் வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டர் முன்னால் டிடிபி அக்கா. பென் டிரைவோடு ஒரு தம்பி.)

தம்பி: அக்கா, ரெஸ்யூம் மூணு பக்கம். கலர் பிரிண்ட். நாளைக்கு இன்டர்வியூ.

அக்கா: (திறந்து பார்த்து) சுத்தி ரோஜாப்பூ பார்டர், மேல வளைஞ்ச எழுத்துல பேரு... இது ரெஸ்யூமா, மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகையா?

தம்பி: கண்ணுல படணும்லக்கா.

அக்கா: பட்டுச்சு. எரியுது. இந்த கெரியர் அப்ஜெக்டிவ் ஏழு வரியில என்னதான் சொல்ற?

தம்பி: தெரியாதுக்கா. சீனியர் குடுத்தது. அவனுக்கு அவன் சீனியர் குடுத்தது.

அக்கா: பரம்பரைச் சொத்தா? சரி, முக்காற்புள்ளி எல்லாம் ஏன் ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கன்னு நிக்குது?

தம்பி: என் லேப்டாப்ல நேராத்தான்கா இருந்துச்சு! ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே ராத்திரி ரெண்டு மணி ஆச்சு.

அக்கா: உன் ஃபான்ட் என்கிட்ட இல்ல. வேற ஃபான்ட் மாறினதும் நீ தட்டினதெல்லாம் போச்சு. ஸ்பேஸுக்குப் பதிலா கீபோர்டுல டேப் கீ வச்சிருந்தா நேரா நின்னிருக்கும். இரு, முடிச்சு பிடிஎஃப்பா தர்றேன், எங்க திறந்தாலும் கலையாது. அப்பா பேரு, மதம், கல்யாணம் ஆகலை... பொண்ணு பார்க்கவா போற?

தம்பி: பக்கம் நிறையணும்லக்கா.

அக்கா: போன் நம்பரை ஏன் தனியா கட்டம் கட்டி வச்சிருக்க? ஆன்லைன்ல போட்டா பல கம்பெனியில மொதல்ல சாஃப்ட்வேர்தான் படிக்கும். இந்த மாதிரி டெக்ஸ்ட் பாக்ஸை சிலது படிக்காமலே விட்டுரும்.

தம்பி: ஓ, அதான் யாருமே கூப்பிடலையா!

அக்கா: மெயில்ல கூப்பிடலாம்தான். ஆனா 'கெத்துகிங்'னு ஐடி வச்சிருந்தா எவன் கூப்பிடுவான்? ஹாபி நீச்சலா? நீந்துவியா?

தம்பி: தெரியாதுக்கா. இன்டர்வியூல கிணத்துலயா தள்ளப் போறாங்க?

அக்கா: இதுக்குக் கீழ 'எல்லாம் உண்மை'ன்னு உறுதிமொழி வேற! (டக் டக்கென்று அழிக்கிறார்) ஒரே ஃபான்ட், சைஸ் 11. நாலு பக்கமும் ஒரு இஞ்ச் மார்ஜின். இன்டர்ன்ஷிப், ப்ராஜெக்ட் மேல. பத்தாவது மார்க் கடைசியில. இந்தா.

தம்பி: அக்கா... அரைப் பக்கம்தான் இருக்கு!

அக்கா: நீ அவ்வளவுதான்டா இருக்க. ஆனா இப்ப படிக்க முடியுது.

தம்பி: அப்ப பிரிண்டுக்கு அஞ்சு ரூபாதானே?

அக்கா: பிரிண்டுக்கு அஞ்சு. அழிச்சதுக்கு அம்பது.