எங்கள் மேட்டுக்காட்டில் ஐப்பசியில் மரம் நடுவோம்

ஜூன் 5-ஆம் தேதி எங்கள் பக்கத்தில் மரம் நட வேண்டாம் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூக்காவின் கிழக்கு ஓரத்தில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்கள் நாம். இந்த மண்ணும் இந்தக் காற்றும் நமக்குத் தெரியும். நாமே பேசாவிட்டால் யார் பேசுவார்கள்?

உலகச் சுற்றுச்சூழல் தினம் 1973 முதல் கொண்டாடப்படுகிறது. அந்த நாள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கேரளத்தில் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறப்பதால், புதுப் பையோடும் புதுக் குடையோடும் வரும் பிள்ளைகளின் கையில் முதல் வாரத்திலேயே ஒரு நாற்றைக் கொடுத்துவிடுகிறார்கள். கோழிக்கோட்டுக்கும் கோட்டயத்துக்கும் அது சரியான காலம். அங்கே இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். குச்சியை ஊன்றினாலும் துளிர்க்கும். நம் நிலைமை வேறு. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குக் காற்று அதன் வழியாக முழு வேகத்தில் நுழைகிறது. கொண்டுவந்த மழையில் பெரும்பங்கை மேற்கிலேயே இறக்கிவிட்டு, கிழக்கே வர வரக் காற்று மட்டுமே மிஞ்சுகிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் சுழல்வது இந்தக் காற்றில்தான். அதில் கொண்டுபோய் ஒரு முழ உயர நாற்றை நிறுத்துகிறோம்.

அது எப்படிச் சாகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் மனம் பொறுக்காது. முதலில் இலையின் ஓரம் பழுப்பாகிச் சுருளும். நாளெல்லாம் ஆடி ஆடி, தண்டைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்கு மண் விலகிவிடும். அந்தச் சந்தில் காற்று இறங்கி வேரைக் காய்ச்சும். வானம் மூடித்தான் கிடக்கும், சாரலும் அடிக்கும். ஆனால் மண்ணைக் கிளறினால் விரற்கடை ஆழத்துக்குக் கீழே புழுதி. ஆடி முடிவதற்குள் வெறும் குச்சிதான் நிற்கும். பிடுங்கினால் பல நேரம் பிளாஸ்டிக் பையோடு வருகிறது. வேர் பைக்குள்ளேயே வளையமாகச் சுற்றிக் கிடக்கிறது. அடுத்த ஜூனில் அதே குழியில் இன்னொரு நாற்று, இன்னொரு புகைப்படம். தன் பெயர் எழுதிய அட்டையை அந்தச் செடியில் கட்டிவிட்டு வந்த பிள்ளை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்?

நம் கிணறுகளுக்கு உயிர் தருவது ஐப்பசி, கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது காற்றும் அடங்கியிருக்கும், மண்ணும் ஊறும். அப்போது நட்ட செடிக்கு மார்கழிப் பனியையும் சேர்த்து மூன்று மாதம் கிடைக்கிறது. அதற்குள் வேர் கீழே இறங்கிவிட்டால் பங்குனி வெயிலைத் தாங்க ஒரு வழி உண்டு.

பனையைப் பாருங்கள். பனம்பழம் ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை விழுகிறது. மழை வருவதற்குச் சற்று முன்னால் விதை மண்ணுக்கு வந்துவிடுகிறது. விதையிலிருந்து முதலில் புறப்படுவது மேலே வராமல் கீழே போகிறது. குருத்தை மண்ணுக்குள் ஆழமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதன் பிறகுதான் முதல் ஓலையை வெளியே நீட்டும். அந்த ஓலையை ஆடு கடித்தாலும் உயிர் கீழே பத்திரமாக இருக்கிறது. நர்சரி வேண்டாம், பை வேண்டாம், டேங்கர் தண்ணீர் வேண்டாம். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஆவணியில் கொட்டைகளைப் பாத்தி கட்டிப் போட்டால், தைப்பொங்கலுக்குக் கிழங்கு தோண்டலாம். பிள்ளைகளே தோண்டட்டும். கிழங்கைப் பிளந்து உள்ளே இருக்கும் பீலி என்னும் இளங்குருத்தைக் காட்டி, இதுதான் நாளைய மரம் என்று ஆசிரியர் சொல்லட்டும். அவித்து, உப்பும் மஞ்சளும் போட்டுத் தின்னட்டும். ஏரி மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் ஊன்றியவற்றை மட்டும் தோண்டாமல் விட்டுவிட வேண்டும். இதைவிட நல்ல தாவரவியல் வகுப்பு எனக்குத் தெரியவில்லை.

அதே பனையில் தூக்கணாங்குருவி கட்டும் கூடுகளையும் எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலானவை கிழக்குப் பக்கத்தில் தொங்கும். தென்மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டி, மரத்தின் மறைவில் கட்டுகிறது அந்தக் குருவி. நம் ஊர் ஜூன் மாதம் எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

என்ன மரம் கொடுக்கிறார்கள் என்பதும் பெரிய கேள்வி. மகாகனியும் மயில்கொன்றையும்தான் அதிகம் வருகின்றன. ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது, மற்றொன்று மடகாஸ்கரிலிருந்து. சீக்கிரம் வளரும், அழகாகப் பூக்கும் என்ற இரண்டே காரணத்துக்காக மரத்தைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு வயநாடு சாட்சி. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மஞ்சள் பூ மரத்தை 1980-களில் அங்கே அழகுக்காகவும் நிழலுக்காகவும் நட்டார்கள். இன்று வயநாடு சரணாலயத்துக்குள் பரவி, முதுமலையிலும் வேரூன்றி நிற்கிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கிறது. அதன் அடியில் புல் வளராததால் மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் போயிற்று. நட்டவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் நட்டிருப்பார்கள்.

நமக்கு வேம்பு இருக்கிறது, புங்கன் இருக்கிறது, உசிலை, வெள்வேல், ஆச்சா, இலுப்பை இருக்கின்றன. பாதி மரத்தை நாம் நடவே வேண்டியதில்லை. வேப்பம்பழத்தைத் தின்ற மைனாவும் காக்கையும் கிளுவை வேலிக்குள் விதையைப் போட்டுவிட்டுப் போகின்றன. முள்ளுக்குள் ஆடு வாய் வைக்க முடியாமல் கன்று தானாக எழும்புகிறது. ஆனால் அந்த வேலிகளைத்தான் பொக்லைன் வைத்து வழித்துவிட்டு ஹாலோ பிளாக் சுவர் எழுப்புகிறோம். கிளுவை, பிரண்டை, கோவைக்கொடி, குன்றிமணி, எருக்கு, நடுவே ஓணான், கீரி, செம்போத்து. இத்தனையையும் ஒரே நாளில் அழித்துவிட்டு, பள்ளியில் பல்லுயிர் பற்றிச் சார்ட் ஒட்டச் சொல்வது எந்த வகையில் நியாயம்? ஒரு எருக்கஞ்செடியின் முன்னால் பிள்ளைகளை நிறுத்தினால் போதும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு, கறுப்பு வெள்ளை மஞ்சள் வரிகளோடு, எவருக்கும் பயப்படாமல் இலை தின்றுகொண்டிருக்கும். எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் ஏறியிருப்பதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும்.

2002-ஆம் ஆண்டின் உயிரிப் பன்மயச் சட்டப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், ஊரின் உயிரினங்களை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஊரைச் சுற்றி வரட்டும். பனையேறிகளையும் ஆடு மேய்க்கும் பாட்டிகளையும் கேட்டு, விட்டுப்போன மரத்தையும் பறவையையும் தமிழில் எழுதிச் சேர்க்கட்டும்.

தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஜூன் 5 அன்று பேச்சுப் போட்டி வையுங்கள், ஊர்வலம் போங்கள், குழி எடுக்காதீர்கள். ஆடியில் வேப்பங்கொட்டை பொறுக்குங்கள். அது சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால் உடனே விதையுங்கள். ஆவணியில் பனங்கொட்டை சேருங்கள். நாற்றாகத்தான் நட வேண்டும் என்றால் ஐப்பசியில் முதல் நல்ல மழை மண்ணை ஒரு சாண் நனைத்த பிறகு பையை முழுதாகக் கிழித்து நடுங்கள். சுற்றிலும் முள் கட்டுங்கள். எங்கள் காட்டு வரப்பில் இந்த வருடமும் பனம்பழம் விழும். எந்தப் பள்ளி வந்தாலும் சாக்கோடு வந்து அள்ளிக்கொண்டு போகலாம்.