கிரே டேங்க்கைத் திறந்துவிட்ட அண்ணனுக்கும், அவருக்கு வக்காலத்து வாங்கும் நண்பர்களுக்கும்

அமெரிக்காவில் அர்கன்சாஸ் மாநிலத்துப் பஃபலோ ஆற்றங்கரையில் இருக்கிற பஃபலோ பாயின்ட் கேம்ப் கிரவுண்டில், நம்மாள் ஒருவர் தன் ஆர்வியின் (சமையலறை, கக்கூஸோடு வரும் வீட்டு வண்டி) கிரே டேங்க்கை, அதாவது பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர் சேரும் தொட்டியை, மண்ணில் திறந்துவிட்டதைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதினேன். அதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகளைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. பெயர் போடவில்லை, படம் போடவில்லை, வண்டி நம்பர் போடவில்லை. அப்படியும் நான் "நம்மாட்களைக் காட்டிக் கொடுத்தவன்" ஆகிவிட்டேன். சரி.

திரும்பவும் சொல்கிறேன். ஆர்வி வண்டியின் கிரே டேங்க்கை மண்ணில் திறந்துவிடக் கூடாது. அங்கே ஆர்வி நிறுத்துகிற இடத்தில் தண்ணீர் உண்டு, கரண்ட் உண்டு, கழிவுநீர் இணைப்பு மட்டும் கிடையாது. அதற்காகத்தான் டேங்க்கைக் காலி செய்ய டம்ப் ஸ்டேஷன் என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள்.

"சோப்புத் தண்ணிதானே ப்ரோ, கக்கூஸ் தண்ணியா?" கக்கூஸ் தண்ணீர் இல்லை, சாம்பார் அண்டா கழுவிய தண்ணீர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். குழாய் நுனியிலிருந்து சரளைக்கல்லுக்கு நடுவில் எண்ணெயோடு இறங்கியது, ரெண்டு கறிவேப்பிலை மட்டும் மேலே தங்கிவிட்டன. "பாருங்க, மண்ணே குடிச்சிருச்சு" என்று அந்த அண்ணன் சிரித்தார். ஓசார்க் மலையில் அந்த ஆற்றங்கரை பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. அடியில் பொந்தும் வெடிப்புமாகக் கிடக்கிற பூமி. மேலே கொட்டியது வடிகட்டாமலே ஏதோ ஓர் ஊற்று வழியாக ஆற்றுக்கு வந்துவிடும். அந்த ஆற்றில்தான் மறுநாள் அவருடைய பிள்ளைகள் படகில் போனார்கள்.

"அங்கே பன்றிப் பண்ணையே இருந்ததே, அதை யார் கேட்டார்கள்?" கேட்டார்களே! பஃபலோவில் போய்க் கலக்கும் பிக் க்ரீக் ஓடைக்குப் பக்கத்தில் 6,500 பன்றி வரை வளர்க்க 2012-ல் அனுமதி கொடுத்தார்கள். ஜனங்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள், 2019-ல் மாநில அரசு 62 லட்சம் டாலர் பேசி அதை மூட வைத்தது. அதற்கு முன்னால், 1960-களில், அணை கட்ட வந்த ராணுவப் பொறியாளர்களை எதிர்த்து நீல் காம்ப்டன் என்கிற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் நின்றார்கள். 1972 மார்ச் 1-ஆம் தேதி பஃபலோ ஆறு அமெரிக்காவின் முதல் தேசிய நதி ஆனது, அதாவது கரையோடு சேர்த்துப் பூங்காவாகப் பாதுகாக்கப்படும் ஆறு. 135 மைல், குறுக்கே ஓர் அணை இல்லை. இத்தனை பேர் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்ததில் நம் அண்டாவைக் கழுவி ஊற்றலாம், அப்படித்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலையில் டம்ப் ஸ்டேஷனில் வரிசை பெரிசு என்கிறீர்கள். பெரிசுதான், ஒத்துக்கொள்கிறேன். டல்லாஸில் முதல் நாள் முதல் ஷோவுக்கு நிற்கிற வரிசையைவிடச் சின்னது.

"தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே" என்கிறீர்கள். சொன்னேன். அதையும் எழுதியிருக்கிறேன். படிக்காமல் கமெண்ட் போட்டால் நான் என்ன செய்ய?

இதெல்லாம் போகட்டும். "திருப்பூர்க்காரன் ஆத்தைப் பத்திக் கிளாஸ் எடுக்கறான்" என்று ஒருவர் போட, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். என் வீட்டில் வந்து சாப்பிட்டுப் போனவர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஆமாம், திருப்பூர்க்காரன்தான். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். அவர் சோறு பிசையும்போது நகக்கண்ணில் நீலம் தெரியும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப் போனதை வாட்ஸ்அப்பில் தெரிந்துகொண்டவன் இல்லை நான். 2011-ல் ஹைகோர்ட் பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்பாவுக்கு வேலை போனது. அவர் யாரையும் திட்டவில்லை, திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். "நம்ம பட்டறைத் தண்ணி கொஞ்சம்தானே" என்று ஒவ்வொரு முதலாளியும் நினைத்திருப்பார். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவன் பேசக் கூடாது என்றால் வேறு யார் பேசுவது? சொல்லுங்கள்.

கடைசியாக, "பூங்காவுக்காக வெள்ளைக்காரனே ஜனங்களைத் துரத்தினானே" என்று வந்த அண்ணாச்சிக்கு. துரத்தினார்கள், உண்மை. ஸ்னீட்ஸ் க்ரீக் பக்கம் கிரானி ஹெண்டர்சன் என்கிற பாட்டி வாழ்ந்த வீட்டை நடந்துபோய்ப் பார்த்திருக்கிறேன். காலியாக நிற்கிறது. அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக எழுதுங்கள், முதல் லைக் என்னுடையது. ஆனால் அந்தப் பாட்டியை எழுப்பிவிட்ட ஆற்றங்கரையில் சாம்பார்த் தண்ணீரை ஊற்றுவது எந்தக் கணக்கில் அவருக்கு நியாயம் செய்வதாகும்?

என்னை அன்ஃபிரெண்ட் செய்தவர்கள் செய்தபடி இருக்கட்டும். அந்த அண்ணன் அடுத்த மாதமும் ஆர்வி எடுக்கிறாராம். அவர் பார்வைக்கு இது போகும் என்று தெரியும். டம்ப் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி, குழாயை மாட்டிவிட்டு, முதலில் கக்கூஸ் தண்ணீர் சேரும் பிளாக் டேங்க், அது காலியான பிறகு கிரே டேங்க். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா.