‘அழகாக்கிக் கொடுத்தவர்’ என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை பெங்களூரு கோரமங்களாவில் ஒரு கம்பெனி விழா மேடையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாளாக இருந்தேன். வீடியோ எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, மறுபடி விவரிக்க மாட்டேன். ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் நிற்கிறது: "கருவிக்கு அழகான உருவம் கொடுத்த எங்கள் டிசைனர் பெண்ணுக்கும் ஒரு கைதட்டல்." தட்டினார்கள். பூங்கொத்தும் கொடுத்தார்கள். காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்கள் என்று நான்கு பெயர்கள். அவள் பெயர் இல்லை.

அவள் செய்தது அழகு வேலை கிடையாது. அந்தக் கருவி வெயிலில் வேலை செய்கிறது என்றால் அதற்கு அவள்தான் காரணம்.

குடிநீரில் குளோரின் அளக்கும் கைக்கருவி அது. குளோரினோடு சேர்ந்தால் நிறம் தரும் டி.பி.டி. மாத்திரையைப் போட்டால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். 515 நானோமீட்டர் பச்சை ஒளியை அதனூடே அனுப்பி, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று ஃபோட்டோடையோடு என்ற ஒளி உணரி பார்க்கும். குளோரின் கலந்த குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500. அவ்வளவு சின்ன அளவில் வெளி வெளிச்சம் துளி கசிந்தாலும் கணக்கு போய்விடும். கசிந்ததையும் தண்ணீரைக் கடந்து வந்த ஒளியாகவே ஃபோட்டோடையோடு எடுத்துக்கொள்ளும், குளோரினைக் குறைத்துக் காட்டும். தொட்டிமேல் நிற்பவர் அதை நம்பி இன்னொரு கை பிளீச்சிங் பவுடர் போடுவார். ஆபீஸ் மேசையில் இருக்கும் வெளிச்சம் 500 லக்ஸ், உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ். லேபில் சரியாக ஓடிய முதல் மாதிரி வெளியே போனதும் உளறியது இதனால்தான்.

மூடியைச் சுற்றி நுரை ரப்பர் ஒட்டலாம் என்றார்கள். நுரை நாள்பட அமுங்கி, மீண்டு எழாது. அவள்தான் மூடியில் நாக்குபோல் நீளும் விளிம்பும் உடலில் அது இறங்கும் பள்ளமும் வைத்து, வெளிச்சம் செங்கோணமாக இரண்டு முறை திரும்பாமல் உள்ளே போக முடியாதபடி செய்தாள். பள்ளம் 3 மி.மீ. ஆழம், பக்கத்துக்கு 0.3 மி.மீ. இடைவெளி. ஒளி பட்டுத் தெறிக்காமலிருக்கச் சுவரில் சொரசொரப்பு. அந்தச் சொரசொரப்பு சும்மா வராது. சொரசொரப்பின் ஒவ்வொரு 0.025 மி.மீ. ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி டிராஃப்ட் (சுவரின் சாய்வு) கூடுதலாகக் கொடுக்கவில்லை என்றால், அச்சிலிருந்து கழலும்போது சுவர் உரசிக் கோடு விழும். டிராஃப்டைக் கூட்டினால் இடைவெளி மாறும். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம் கறுப்பு. சாயத்தால் கறுப்பான பிளாஸ்டிக் சில, நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும். சிலிக்கான் ஃபோட்டோடையோடு 1100 நானோமீட்டர் வரை பார்க்கும். அதனால்தான் மூடி கச்சிதமாக மூடியும் ரீடிங் ஆடியது. அகச்சிவப்பையும் தடுக்கும் கார்பன் பிளாக் (கரித்தூள்) போட்ட மெட்டீரியலுக்கு மாறச் சொன்னது யார்? அதே ‘அழகு’ டிசைனர்தான்.

பீன்யாவில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் டூல் ரூமில் கிருஷ்ணகிரிக்கார மேஸ்திரி அண்ணன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "சார் யாராவது வர்றாங்களாம்மா?" அவள் டிராயிங்கை விரித்தாள். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அச்சில் ஆறும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் வரை சுருங்கும். 120 மி.மீ. உடலில் அரை சதவீதம் என்றாலே 0.6 மி.மீ., அவள் விட்ட இடைவெளியைப் போல இரண்டு மடங்கு. மூடியும் உடலும் ஒரே மாதிரி சுருங்காவிட்டால் நாக்கு பள்ளத்தில் இறங்காது. அதனால் பள்ளத்தை முதலில் தளர்வாகவே விடச் சொன்னாள். அந்த இடத்தில் அச்சில் இரும்பு அதிகமாக நிற்கும். டிரையல் பார்த்துவிட்டுச் செதுக்குவது சுலபம், குறைந்துபோன இடத்தில் வெல்டிங் வைத்து ஏற்றுவதுதான் தலைவலி. 2.5 மி.மீ. சுவருக்கு உள்ளே தாங்கும் ரிப்பின் தடிமன் 1.5-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெளிப்பக்கம் குழி விழும். இதையெல்லாம் பேசி முடித்த பிறகு அந்த அண்ணன் சாரைப் பற்றிக் கேட்கவே இல்லை. மேடையில் இருந்தவர்களுக்கு அது தெரியாமல் போனது எப்படி?

பெயர் எங்கே விட்டுப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உதவும். புரொவிஷனல், அதாவது தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போடும்போது கையில் ஐடியா மட்டும் இருக்கும், ஃபார்ம் 1-இல் நிறுவனர்களின் பெயர் போகும். முழு விவரக்குறிப்பைத் தர அதிலிருந்து 12 மாதம் அவகாசம். டிசைனர் உழைப்பதெல்லாம் அந்த 12 மாதத்தில்தான். சட்டம் இதை நினைத்துப் பார்த்திருக்கிறது. முழு விவரக்குறிப்போடு போகும், கண்டுபிடிப்பாளர் யார் என்று உறுதி சொல்லும் ஃபார்ம் 5-இல், முன்பு குறிப்பிடாத கண்டுபிடிப்பாளர்கள் கையெழுத்திடத் தனி இடமே இருக்கிறது. அதை யாரும் நிரப்புவதில்லை. விண்ணப்பம் வெளியாகிவிட்டது, நீங்களே படித்துப் பாருங்கள். உரிமை கோரும் முதல் க்ளெய்மிலேயே அந்த நாக்கும் பள்ளமும் இருக்கிறது. அவளுடைய யோசனை இருக்கிறது, அவள் இல்லை.

"சம்பளம் வாங்கினாள், உரிமை கம்பெனிக்குத்தானே" என்று எழுத வருபவர்களுக்கு: உரிமையை யார் கேட்டார்கள்? காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, கண்டுபிடிப்பாளர் என்று பெயர் போடுவதால் காப்புரிமையில் யாருக்கும் உரிமை கூடாது, குறையாது என்று தெளிவாகவே சொல்கிறது. பெயர் போட்டால் கம்பெனிக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.

"சொன்னதைத்தான் செய்தாள்" என்பது நியாயமான கேள்வி. கொடுத்த அளவை அப்படியே வரைந்தவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளுக்குச் சொல்லப்பட்டது "மூடி நன்றாக மூட வேண்டும்" என்பது மட்டும்தான். பணம் போட்ட பங்காளி கண்டுபிடிப்பாளர் ஆக முடியாது என்று பழைய மைசூர் உயர் நீதிமன்றம் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த நான்கு பேரில் எத்தனை பேர் அந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு வரி பேச முடியும்?

"ஆண்களையும்தான் விடுகிறார்கள், இதில் ஏன் பெண் பேச்சு?" விடுகிறார்கள். அதுவும் தப்பு. ஆனால் எந்தப் பையனையும் மேடையில் நிற்கவைத்து ‘அழகான உருவம் கொடுத்தவர்’ என்று யாரும் சொன்னதில்லை. இந்த ஊரில் ஹார்டுவேர் டிசைன் செய்யும் பெண்களைக் கேளுங்கள். கலர் முடிவு செய்யும் மீட்டிங்குக்கும் அட்டைப்பெட்டி டிசைன் மீட்டிங்குக்கும் முதலில் அழைப்பு வரும். அளவில் எவ்வளவு விலகலாம் என்று முடிவு செய்யும் டாலரன்ஸ் மீட்டிங்குக்கு அழைப்பு இல்லை, முடிந்த பிறகு மினிட்ஸ் வரும், டிராயிங்கைத் திருத்தச் சொல்லி. வருடக்கணக்கில் அப்படியே நடந்தால் தான் செய்வது அலங்காரம்தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்தை அவள் முகத்தில் சனிக்கிழமை பார்த்தேன். பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளேயே பேசித் தீர்த்திருக்கலாமாம். பேசினாள். இரண்டு மெயில் போட்டாள். "அடுத்த பேட்டன்டில் பார்க்கலாம்" என்று பதில் வந்தது.

அடுத்ததில் வேண்டாம், இதிலேயே வேண்டும். காப்புரிமை இன்னும் வழங்கப்படவில்லை. வழங்குவதற்கு முன், கண்டுபிடிப்பாளராகப் பெயர் போடக் கோரும் ஃபார்ம் 8 கொடுத்தாக வேண்டும். கம்பெனியும் அவளும் சேர்ந்து கொடுக்கலாம், கம்பெனி வராவிட்டால் அவள் தனியாகவே கோரலாம். கர்நாடகத்து விண்ணப்பங்கள் எல்லாம் சென்னை கிண்டி அலுவலகத்துக்குத்தான் போகின்றன. தேதி போட்ட ஸ்கெட்ச், கம்ப்யூட்டரில் வரைந்த கேட் (CAD) ஃபைல்களின் பழைய வடிவங்கள், டிரையல் ரிப்போர்ட், மேஸ்திரிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் அவளிடம் இருக்கின்றன. நேற்று இரவு உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கிவிட்டோம்.