பிள்ளைகளுக்கு முழுக் கதையையும் கொடுங்கள்

கத்தோலிக்கப் பங்கு வாட்ஸ்அப் குழுக்களில் 'தி கோல்டன் காம்பஸ்' என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றிய அந்தப் பழைய செய்தி மறுபடியும் சுற்றுகிறது. பாம்பனிலிருந்து வேர்க்கோடு வரைக்கும் எல்லா அன்பியத்துக்கும் (பங்கின் குடும்பக் குழுக்களுக்கும்) போய்ச் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளை விசுவாசத்திலிருந்து பிரிப்பதற்கென்றே எடுத்த படமாம். கதையின் முடிவில் இரண்டு குழந்தைகள் கடவுளைக் கொல்கிறார்களாம். யாரும் பார்க்கக் கூடாது, உடனே பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டும். 2007-இல் அந்தப் படம் வந்தபோது அமெரிக்காவில் மின்னஞ்சலில் சுற்றிய அதே சரக்குதான், இப்போது தமிழில் வந்திருக்கிறது.

நான் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள். படத்துக்கு மூலமான, பிலிப் புல்மன் எழுதிய மூன்று நாவல்களையும் படித்திருக்கிறேன், படத்தையும் பார்த்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கதை நம் திருச்சபையோடு நேருக்கு நேர் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையை நம் பிள்ளைகள் ஒளிவுமறைவில்லாமல் பார்க்க வேண்டும். படத்தில் அதை மழுப்பியதால் அதிகம் இழந்தவர்கள் விசுவாசிகளாகிய நாம்தான்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் நாவல் 1995-இல் 'நார்தர்ன் லைட்ஸ்' என்ற பெயரில் வந்தது. அமெரிக்கப் பதிப்புக்குத்தான் 'தி கோல்டன் காம்பஸ்' என்று பெயர். அந்த உலகத்தில் ஒவ்வொரு மனிதருடைய ஆன்மாவும் ஒரு விலங்கின் உருவில் கூடவே நடக்கும், பேசும், சண்டை போடும். குழந்தைகளின் விலங்கு நினைத்த நேரத்தில் உருவம் மாறும். பருவம் வந்ததும் ஒரே உருவத்தில் நிலைத்துவிடும். அங்கே ஆட்சி செய்யும் மாஜிஸ்டீரியம் என்ற திருச்சபையின் ஆட்கள், பாவத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, குழந்தைகளைப் பிடித்து வடக்கே பனிப்பிரதேசத்துக்குக் கொண்டுபோய், அந்த விலங்கை உடலிலிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். லைரா என்ற சிறுமி அவர்களைத் தேடிப் போகிறாள்.

ஒரு காட்சியை நம் கரையில் படிக்கும் யாராலும் தாண்டிப் போக முடியாது. மீன் காயப்போடும் கொட்டகையில் லைரா ஒரு பையனைக் கண்டுபிடிக்கிறாள். அவனுடைய விலங்கை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு கருவாட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதுதான் தன்னுடையது என்பதுபோல் உட்கார்ந்திருக்கிறான். அவனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், ஆனாலும் இறந்துபோகிறான். பெரியவர்கள் யோசிக்காமல் அந்த மீனை எடுத்து நாய்க்குப் போட்டுவிடுகிறார்கள். லைராவுக்கு வரும் கோபத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு நாணயத்தில் அவனுடைய விலங்கின் பெயரைக் கீறி, அவன் வாயில் வைத்து அனுப்புகிறாள். நம் வீடுகளில் வாய்க்கரிசி போடும் நேரம் எனக்கு நினைவுக்கு வந்தது. அன்று இரவு அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

படத்தில் அப்படி எந்தச் சாவும் இல்லை. இரண்டு பையன்களை ஒன்றாக்கி, பெயரை மாற்றி, உயிரோடு அம்மாவிடம் சேர்த்துவிட்டார்கள். திருச்சபை என்று தெளிவாகச் சொல்லாமல் பொதுவான ஓர் அதிகார அமைப்பாகவும் மாற்றிவிட்டார்கள். கத்தோலிக்கர்களைச் சமாதானப்படுத்த நினைத்தார்கள், அது நடக்கவில்லை. மறுபக்கம், இங்கிலாந்தின் தேசிய மதச்சார்பற்றோர் சங்கம் கதையின் உயிரை எடுத்துவிட்டார்கள் என்று கண்டித்தது. நாங்கள் பிள்ளைக்கு மீனை முள்ளெடுத்து ஊட்டுவோம், ஆனால் மீனுக்கு முள்ளே கிடையாது என்று சொல்லி வளர்க்க மாட்டோம்.

அந்த வருடம் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. எதிர்ப்பைத் தொடங்கியது அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் என்ற அமைப்பு. அதன் தலைவர் பில் டோனஹியூ, படம் நீர்த்துப்போனதுதான் என்று ஒப்புக்கொண்டே எதிர்த்தார். படம் தூண்டில் இரை, கிறிஸ்துமஸ் பரிசாகப் பெற்றோர் அந்தப் புத்தகங்களை வாங்கிக் கொடுப்பார்கள், ஆபத்து அங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். புல்மன் தன் நிலைப்பாட்டை ஒருநாளும் மறைத்தவர் இல்லை. கிறிஸ்தவ நம்பிக்கையின் அடித்தளத்தை அசைக்கப் பார்க்கிறேன் என்றும், தன் புத்தகங்கள் கடவுளைக் கொல்வதைப் பற்றியவை என்றும் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். நம்மை எதிர்க்கிற ஓர் எழுத்தாளர் இருக்கிறார் என்ற செய்தி உண்மை. அதனால் புத்தகத்தைத் தொடாதே என்ற முடிவைத்தான் நான் மறுக்கிறேன்.

அமெரிக்க ஆயர் பேரவைக்கென்று ஒரு திரைப்பட விமர்சன அலுவலகம் இருந்தது. அங்கிருந்தவர்கள் படத்தைப் பார்த்து நல்லவிதமாகவே எழுதினார்கள். தடை போடுவதைவிட, இதில் எழும் கடினமான கேள்விகளைப் பெற்றோர் தங்கள் வளரிளம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசலாம் என்று ஆலோசனையும் சொன்னார்கள். டிசம்பர் 7-ஆம் தேதி படம் அங்கே வெளியானது. சில நாட்களிலேயே அந்த விமர்சனம் விலக்கிக்கொள்ளப்பட்டது. வத்திக்கானின் நாளிதழும் அதே மாதம் படத்தைக் கடுமையாகத் தாக்கியது. கனடாவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி வாரியம் நூலக அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்துவிட்டது. இந்தக் கூச்சல் முழுவதிலும் ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் உபயோகமான அறிவுரை அந்த விமர்சனத்தில்தான் இருந்தது. அதையே எடுத்துவிட்டார்களே என்று எனக்கு ஆறவில்லை.

ஏறக்குறைய 18 கோடி டாலர் செலவில் எடுத்த படம், அமெரிக்காவில் 7 கோடி டாலர்தான் வசூலித்தது. வெளிநாடுகளில் 30 கோடி டாலருக்கு மேல் வந்தது, ஆனால் வெளிநாட்டு உரிமையை முன்கூட்டியே விற்றுவிட்டதால் தயாரிப்பு நிறுவனத்துக்கு அது பெரிதாக உதவவில்லை. இரண்டாம் படம் வரவே இல்லை. எதிர்ப்பால் தோற்றதா, உயிரில்லாததால் தோற்றதா என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. இரண்டாம் படம் வராததால் எது பறிபோனது என்பதில்தான் அக்கறை.

முதல் நாவலின் கடைசி மூன்று அதிகாரங்கள் படத்தில் கிடையாது. இரண்டாம் படத்துக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த அதிகாரங்களில் என்ன நடக்கிறது? லைராவின் அப்பா அஸ்ரியல் பிரபு, மாஜிஸ்டீரியத்தின் பெரிய எதிரி. விடுதலை, அறிவு என்று பேசுகிறவர். வேறோர் உலகத்துக்கு வழி திறப்பதற்காக அவர் ரோஜரைக் கொல்கிறார். ரோஜர் லைராவின் உயிர்த்தோழன், சமையலறையில் வேலை பார்க்கும் ஏழைப் பையன். அவனைக் காப்பாற்றத்தான் லைரா வடக்கே போனாள், கடைசியில் அவளே தெரியாமல் அவனை அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். திருச்சபை ஆட்கள் குழந்தைகளுக்கு எதைச் செய்தார்களோ, அதையே திருச்சபையை எதிர்க்கிறவரும் செய்கிறார். நம்மை எதிர்க்கும் எழுத்தாளரே தன் கட்சிக்காரனின் கையில் இருக்கிற இரத்தத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் படம் பார்த்த எந்தப் பிள்ளையும் அதைப் பார்க்கவில்லை. 2019-இல் பிபிசி தொடர் வந்தபோதுதான் திரையில் வந்தது.

யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இனம் முழுவதும் அழிவதைவிட ஒரே ஒருவர் சாவது நல்லது என்று தலைமைக் குரு கயபா சொல்கிறார். குழந்தைகளை வெட்டிப் பிரிப்பவர்களும் இதைத்தான் நினைக்கிறார்கள், அஸ்ரியலும் இதைத்தான் நினைக்கிறார். மத அதிகாரம் தவறாகப் போகும் என்பதை நமக்குச் சொல்ல ஒரு நாத்திகர் வர வேண்டியதில்லை, நம் திருப்பாடுகளின் கதையே அதுதான். தவக்காலத்தில் நம் ஊர்களில் பாஸ்கு (திருப்பாடுகளின் நாடகம்) போடும்போது கயபாவை நல்லவராக மாற்றியா போடுகிறோம்? யூதாசு, பிலாத்து, ஆணி, ஈட்டி எல்லாம் மேடையில் இருக்கும். முன்வரிசையில் நம் சின்னப் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஓரியூரையும் நினைத்துப் பாருங்கள். நாம் வருடா வருடம் போய் மண்ணெடுத்து வரும் இடம். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கேதான் நற்செய்தி போதித்த குரு, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வெட்டப்பட்டார். மறவர் இளவரசரான தடியத்தேவர் அவரால் ஞானஸ்நானம் வாங்கி, மற்ற மனைவியரை விலக்கி வைத்தார். விலக்கப்பட்ட ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவு. ஒருவருடைய போதனை அரண்மனைக்குள் புகுந்ததும் போதகரின் தலையை எடுத்தார்கள். பேச்சை நிறுத்துவதற்காகக் கொல்லப்பட்டவரைப் புனிதர் என்று கும்பிடுகிற நாம், பேசுகிறவரின் வாயை அடைக்கும் பக்கத்தில் போய் நிற்கலாமா? (சேதுபதி மேல் பகை வளர்க்க இதைச் சொல்லவில்லை. இந்தக் கரையின் கோயில்களும் பள்ளிவாசல்களும் சேதுபதிகளின் கொடையால் வளர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும்.)

2006-இல் இன்னொரு நாவலின் படமான 'தி டாவின்சி கோட்' தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அரசாங்கம் தடை போட்டுத் தந்தால்தான் நம் விசுவாசம் பிழைக்கும் என்று அன்று நினைத்தவர்களை நான் இன்றும் மதிக்கிறேன், அவர்கள் பயம் உண்மையானது. ஆனால் வழி அது இல்லை.

2004-இல் கான்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. அவர் ஆங்கிலிக்கன் சபைக்காரர், அதனால் என்ன? புல்மனின் நாவல்களிலிருந்து போட்ட மேடை நாடகத்தைப் பார்த்தார். இவற்றைப் பள்ளிகளில் சமயப் பாடத்தில் படிக்க வைக்கலாம் என்றார். லண்டன் தேசிய நாடக அரங்கில் புல்மனோடு ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார். இந்தக் கதையில் வரும் திருச்சபையில் கிறிஸ்து எங்கே என்று அவர் கேட்டார். படித்தவர்தான் அப்படிக் கேட்க முடியும்.

வாட்ஸ்அப் செய்தி சொல்கிற 'கடவுள் கொலை' பற்றி: மூன்றாம் நாவலில் சாவது உலகைப் படைத்தவர் இல்லை. முதலில் தோன்றிய ஒரு வானதூதர், நானே படைத்தேன் என்று பொய் சொல்லி ஆட்சி நடத்தியவர். வயதாகி, நடுங்கி, கண்ணாடிப் பல்லக்குக்குள் அடைபட்டு அழுகிறார். இரண்டு குழந்தைகளும் இரக்கப்பட்டு அதைத் திறக்கிறார்கள். காற்றுப் பட்டதும் அவர் கரைந்துபோகிறார். இதை என் மாணவர்களிடம் சொன்னால் முதல் கேள்வியே, "அப்ப உண்மையா படைச்சவரு எங்க மிஸ்?" என்றுதான் வரும். மறைக்கல்வி வகுப்பில் இதைவிட நல்ல கேள்விக்கு நான் காத்திருக்கவில்லை.

பங்குச்சாமியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். வரும் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், முதல் நாவலின் கடைசி மூன்று அதிகாரங்களைத் தமிழில் சொல்லிக் காட்டப் போகிறேன். பிள்ளைகள் திருவிவிலியம் கொண்டுவர வேண்டும், யோவான் 11-ஐயும் சேர்த்துப் படிப்போம். பெற்றோர் கட்டாயம் வாருங்கள், மறுத்துப் பேச வேண்டியிருந்தால் பிள்ளைகள் முன்னாலேயே பேசுங்கள். வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் பாடல் பயிற்சி இருக்கும். யாரையும் வற்புறுத்த மாட்டோம். அன்பியக் குழுக்களின் அட்மின்கள் தயவுசெய்து அந்தச் செய்தியை நீக்கிவிட்டு, ஞாயிறு வகுப்பின் நேரத்தைப் போடுங்கள்: காலை 9.30, கோயில் பக்கத்துக் கூடம்.